இருமாத எஞ்சின்

பல கை மாறி வந்த சிவப்புப் பந்தயக் கார் ஒன்றின் அடியில், புகையைச் சுத்திகரிக்கும் கன்வெர்ட்டர் ஒன்றைப் புதிதாகப் பொருத்தினார்கள். கழற்றப்பட்ட பழைய கன்வெர்ட்டர், உள்ளிருந்த தேன்கூட்டு வலை உருகிக் கட்டியாகி, பட்டறைத் தரையில் கிடந்தது.

அதைக் கண்டதும் புதியதற்குக் கேள்வி பிறந்தது. “ஐயா, அவர் ஏன் இப்படி உருகிப் போனார்?”

“சூடு தாங்காத வம்சம்,” என்றது எஞ்சின். “அதற்கு முன் இருந்தவனும் அப்படித்தான்.”

“அந்தச் சூடு எங்கிருந்து வந்தது?”

“வந்த அன்றைக்கே விசாரணையா?” என்று எஞ்சின் உறுமியது.

தரையில் கிடந்த பழையது சிரித்தது. “தம்பி, இவருடைய சிலிண்டர் ஒன்றில் தீப்பொறி தவறுகிறது. அங்கே எரியாத பெட்ரோல் நம் வயிற்றில் வந்து எரிகிறது. மெக்கானிக்கின் காதில் விழும்படி இவரை ஒருமுறை இருமச் சொல். அவர் தீப்பொறி தரும் பிளக்கை மாற்றிவிட்டால் நீ பிழைப்பாய்.”

“இருமுங்கள் ஐயா, ஒரே ஒரு முறை!”

“பந்தயத்தில் ஓடியவன் நான். கண்டவன் முன்னால் இருமுவேனா?”

மெக்கானிக் வந்து சாவியைத் திருப்பிவிட்டுக் காது கொடுத்தார். எஞ்சின் மூச்சை அடக்கிக்கொண்டு, குற்றம் சொல்ல இடமின்றிச் சீராக ஓடியது. “எஞ்சின் தங்கம்!” என்று அவர் மூடியைச் சாத்தினார்.

பட்டறை வாயிலைத் தாண்டியதும், எஞ்சின் அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து இருமியது. புதிய கன்வெர்ட்டரின் வயிற்றில் முதல் நெருப்பு விழுந்தது.

“சுடுகிறதா?” என்று எஞ்சின் பரிவோடு விசாரித்தது. “அப்போதே நினைத்தேன். நீயும் அந்த வம்சம்தான்.”