சிவப்புப் புள்ளிகள்

கோடரி மூன்றாவது தடவை விழுந்ததும் கரிமூட்டம் வயிறு பிளந்து சரிகிறது. மண்ணுக்கடியில் நாலு நாளாக அடங்கிக் கிடந்த நெருப்பு, ஷிரே ஆற்று மேட்டின் உச்சி வெயிலுக்குள் சீறி எழுகிறது. வனக்காவலர்கள் ஆறு பேரும் இருமிக்கொண்டே அடிக்கிறார்கள். கரிமூட்டைகள் கிழிகின்றன, கரி சுமக்கும் சைக்கிள்களின் கம்பிகள் பூட்ஸுக்கடியில் முறிகின்றன. குறுக்கே பாய்ந்த மூட்டக்காரி நச்சிசாலேயின் நெற்றியில் துப்பாக்கிக் கட்டை இறங்குகிறது. கரி அப்பிய முகத்தில் ரத்தம் கோடு போட்டுக்கொண்டு வழிகிறது. போன வருஷம் இதே இடத்தில், சுற்றுச்சூழல் முதுகலை ஆய்வுக்கென்று வந்த தகோண்ட்வாவை உட்காரவைத்து, ந்சீமாக் களியும் கீரையும் போட்டு, அறுபது கேள்விக்கும் பதில் சொன்னவள் அவள். இன்று நன்றி சொல்ல வந்த தகோண்ட்வா, சர்க்கரைப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்தபடி புகைக்குள் நிற்கிறாள். அவளை அடையாளம் கண்டுகொண்ட வன அதிகாரி முகமெல்லாம் சிரிக்கிறார்.

"வாங்க மேடம்! உங்க ஆய்வேட்டுல மூட்டம் இருக்குற இடமெல்லாம் சிவப்புப் புள்ளி வச்சு வரைபடம் போட்டிருக்கீங்களே, அருமை! ஒருத்தன்கிட்டயும் வழி கேக்கல. நேரா வந்துட்டோம்."

நச்சிசாலே வாயில் வழிந்த ரத்தத்தைத் துப்புகிறாள். "பேரை எழுதமாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தியேடி. சொன்ன சொல்லைக் காப்பாத்திட்ட."

பொட்டலம் கைநழுவித் தணலில் விழுகிறது. கருகிய இனிப்பு வாடை எல்லார் மூக்கிலும் ஏறுகிறது. அதிகாரி வரைபடத்தை விரித்து ஒரு புள்ளியைப் பேனாவால் அடிக்கிறார்.

"இன்னும் பதினாறு இருக்கு. வண்டியில இடமிருக்கு, ஏறுங்க மேடம்."