ஒட்டாத காந்தம்

டாரல் பிரிக்ஸின் சட்டையில் இரண்டு பைகள். இடது பையில் இருப்பது அசல் காந்தம். வலது பையில் இருப்பது, காந்தம் மாதிரியே சிவப்புப் பெயின்ட் அடித்த ஈயத் துண்டு.

பேக்கர்ஸ்ஃபீல்டு வட்டாரத்தில் ஸ்ட்ரீட் ராடு கட்டுகிறவர்கள் எல்லாருக்கும் டாரலைத் தெரியும். தொண்ணூறு வயதுக் காருக்குள் புது என்ஜின், டிஸ்க் பிரேக், ஏசி எல்லாம் பூட்டி ஜம்மென்று ஊர்வலம் போகிற ஆசாமிகள் அவர்கள். உள்ளே எவ்வளவு புதுசு வைத்தாலும் குற்றமில்லை. உடம்பு மட்டும் அந்தக் காலத்து இரும்பாக இருக்க வேண்டும். அச்சில் வார்த்த ஃபைபர் என்றால் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி முகம் சுளிப்பார்கள். 'டாரல் இரும்புன்னு சொன்னா இரும்புதான்' என்கிற பேர்தான் அவனுடைய மூலதனம்.

அந்த இரும்பு அவனுக்கு மட்டும் எப்படி அவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

'கணவர் காலமானதால், பாதி முடிந்த 1934 ஃபோர்டு கூப் (இரண்டு கதவு கார்) விற்பனைக்கு' என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் டிரெய்லரை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். பாதாம் தோப்புக்கு நடுவில் வீடு. வெர்னா என்ற அந்த அம்மாள் ஷெட்டைத் திறந்துவிட்டாள். வாசலில் ஒரு ஜோடி ஆண்கள் பூட்ஸ், சேற்றோடு கிடந்தது.

"எல்டனோடது. எடுத்துப் போட மனசு வரல, கண்ணு" என்றாள்.

"கஷ்டம்தான் மேடம். குடிக்க ஏதாவது கிடைக்குமா? வெயில் மண்டையப் பொளக்குது."

அவள் ஐஸ் டீ எடுக்க உள்ளே போனதும் டாரலின் கை இடது பைக்குப் போனது. தொழில் தெரிந்தவர்கள் துருப்பிடிக்கிற இடத்தில்தான் காந்தத்தை வைத்துப் பார்ப்பார்கள். அங்கேதான் ஓட்டை விழும், அங்கேதான் எவனாவது பட்டி வைத்து அடைத்திருப்பான். கதவின் அடி விளிம்பில் வைத்தான். டக்கென்று ஒட்டியது. மட்கார்டு நுனியில் ஒட்டியது. முன்கண்ணாடிக்குக் கீழே, மூலையில் ஒட்டியது. உள்பக்கம் முழுக்க இரைச்சலை அடக்குகிற தடித்த கறுப்புப் பூச்சு. தட்டினால் சத்தம் வராதுதான். ஆனால் மூன்று இடத்தில் காந்தம் சாட்சி சொன்ன பிறகு தட்டிப் பார்ப்பானேன்?

டாரலுக்கு வாயெல்லாம் பல். ஃப்ரெஸ்னோ பண்ணைக்காரர் ஒருவர் இப்படி ஓர் இரும்பு கூப்புக்காக அவனை நச்சரித்துக்கொண்டிருந்தார்.

வெர்னா டீயோடு வந்தபோது அவன் முகம் துக்க வீட்டு முகமாக மாறியிருந்தது.

"மேடம், சொல்லவே சங்கடமா இருக்கு. உங்க வீட்டுக்காரரை எவனோ நல்லா ஏமாத்தியிருக்கான்."

"ஐயோ, என்னாச்சு?"

வலது பைத் துண்டை எடுத்துக் கதவில் வைத்துக் கையை விலக்கினான். தொப்பென்று விழுந்தது. மட்கார்டில் வைத்தான். அங்கேயும் விழுந்தது.

"ஃபைபர். வெறும் பிளாஸ்டிக். இரும்பா இருந்தா காந்தம் விழுமா, நீங்களே சொல்லுங்க?"

வெர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இரும்பு இரும்புன்னு கொஞ்சிக்கிட்டே கிடந்தாரே மனுஷன்!" குனிந்து ஈயத் துண்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "இந்தா கண்ணு, உன் காந்தம்."

அழுகை ஒரு பக்கம் இருந்தாலும் எல்டன் சொல்லி வைத்திருந்த விலையிலிருந்து அவள் இம்மியும் இறங்கவில்லை. பிளாஸ்டிக்குக்கு அது இரண்டு மடங்கு, இரும்புக்கோ கால் பங்கு. டாரல் கொஞ்சம் முனகிவிட்டுப் பெருந்தன்மையாக ரொக்கத்தை நீட்டினான்.

"புருஷனை இழந்தவங்ககிட்ட அடிச்சுப் பேசுற ஆள் நான் இல்ல மேடம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ராடுக்காரர்கள் எல்லாரும் கூடுகிற பான்கேக் கடை வாசல். நாலு பேர் பார்க்கக் கொடுத்தால்தான் பேர் நிற்கும் என்று டாரல் அங்கேயே வண்டியை ஒப்படைத்தான். பண்ணைக்காரருக்கும் பெருமை தாங்கவில்லை. கடைசி வரிசையில் நிற்பவனுக்கும் தெரியட்டும் என்று தன் காந்தத்தைக் கதவின் நட்டநடுவில் வைத்தார்.

அது வழுக்கிக்கொண்டே வந்து அவர் காலடியில் விழுந்தது. கூரையில் வைத்தார், அங்கிருந்தும் உருண்டது. முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு தட்டும் கையுமாக இருந்த கூட்டம் மொத்தமும் சிரித்தது. இத்தனை வருஷம் சேர்த்த பேர் ஒரு பான்கேக் தின்று முடிப்பதற்குள் போய்விட்டது.

வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்த கையோடு டாரல் பாதாம் தோப்புக்குப் பறந்தான்.

"விளிம்புல மட்டும் உள்ளே தகரத்தை வச்சு வார்த்திருக்கு! இனிமே எவன் என்கிட்ட வண்டி வாங்குவான்? நான் போலீஸுக்குப் போறேன்!"

"தாராளமா போ, கண்ணு" என்றாள் வெர்னா. "போய் என்னன்னு சொல்லுவே? பிளாஸ்டிக்னு சொல்லி வாங்கினேன், பார்த்தா பிளாஸ்டிக்காவே இருக்குன்னா?"

டாரல் காலடி மண்ணை ஓங்கி உதைத்தான்.

"உனக்கு முன்னால ரெண்டு பேர் வந்தாங்க. 'அசல் இரும்பு மேடம், குறைச்சு வித்துடாதீங்க'ன்னு சொன்னாங்க. நல்ல பசங்க. அவங்க தலையில கட்ட மனசு வரல. விக்கலைன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

அவன் திரும்பி நடந்தான். வாசலில் அந்த பூட்ஸ் இல்லாததைக் கவனிக்கிற நிலையில் அவன் இல்லை.

வண்டிச் சத்தம் தேய்ந்ததும் வெர்னா ஷெட் கதவைத் தட்டினாள். "போயிட்டான், வெளிய வாங்க."

கையில் தகரம் வெட்டும் கத்திரியும் காலில் சேற்று பூட்ஸுமாக வெளியே வந்தார், காலஞ்சென்ற எல்டன்.