இருட்டுத் தட்டு

அலுமினியத் தாளை நான் கிழித்த வேகத்தில் பட்டாசுக் கம்பெனி மேலாளர் செந்தூர்பாண்டி நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

இருட்டில் வைத்திருந்த சோதனைத் தட்டு அது. செல்கள் வளர்த்த எல்லாக் குழிகளும் நான் ஊற்றிய நிறமியில் சிவப்பாக இருந்தன. உயிருள்ள செல்கள்தான் அந்தச் சிவப்பை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும்.

பக்கத்தில் இன்னொரு தட்டு. அதே செல்கள், அதே சாயப்பொடி, அதே அளவு. இதை மட்டும் ஐம்பது நிமிடம் வெயிலுக்கு ஈடான விளக்கின் கீழ் வைத்திருந்தேன்.

பொடி போட்ட குழிகள் செல்கள் செத்து வெளுத்துப் போயிருந்தன. பொடியோடு ஆக்சிஜனை அடக்கும் மருந்தையும் சேர்த்த ஒரு வரிசை மட்டும் தப்பித்திருந்தது.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கலர் புகை வெடிக்குப் போடுகிற அந்தச் சாயப்பொடி இருட்டில் சாதுவாக இருக்கிறது. வெளிச்சம் பட்டதும் ஆக்சிஜனைக் கிளப்பிவிட்டுத் தோலை அரிக்கிறது.

வெளியே வராந்தாவில் பொன்னுத்தங்கம் அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விஸ்வநத்தம் பக்கம் செந்தூர்பாண்டியின் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிறவர். முகமும் கையும் முதல் தடவை கொப்பளித்தபோது தெருவே அம்மை என்றது. வாசலில் வேப்பிலை செருகி, சன்னலுக்குப் போர்வை கட்டி, இருட்டறையில் படுக்கவைத்தார்கள்.

ஒன்பது நாளில் கொப்புளம் அமுங்கியது. அம்மன் இறங்கிவிட்டாள் என்று மூன்று தடவை தலைக்குத் தண்ணீர் ஊற்றி வேலைக்கு அனுப்பினார்கள்.

அடுத்த வாரமே மறுபடியும் வந்தது.

கம்பெனியிலிருந்து கூழ் ஊற்றக் கேழ்வரகு மாவு கொடுத்தனுப்பினார்களாம். மாவு அனுப்பத் தெரிந்தவர்களுக்கு ஒரு ஜோடி கையுறை அனுப்பத் தெரியவில்லை.

நான்காவது தடவை வந்தபோது, இவர்மேல் ஏதோ தெய்வக்குத்தம் என்று வேலையைவிட்டே நிறுத்தினார்கள். வேனில் இவர் பக்கத்தில் உட்காரவும் ஆளில்லை. அக்கா சூலக்கரைக்குப் போய்க் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தார். அங்கிருந்துதான் பொடி எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது.

செந்தூர்பாண்டி சிவப்புத் தட்டைத் தொட்டுக் காட்டினார்.

"நீங்க ஏன் நசிமா மேடம் கோவப்படுறீக? கலக்குற ரூம்ல சன்னலே கிடையாது. இந்த இருட்டுத் தட்ட மட்டும் எழுதிக் குடுங்க, போதும்."

காலையில் கலக்குகிற அதே பெண்கள்தான் மத்தியானம் அந்தக் கையோடு மேடையில் மருந்தைக் காயப்போடுகிறார்கள். அந்த மேடைக்குக் கூரை உண்டா என்று கேட்டேன். அவர் கைபேசியைப் பார்த்தார்.

கத்திவிட்டேன். இந்தப் பொடியை வாங்கியவர், அதைத் தொடச் சொன்னவர், நல்ல பொடி என்று எழுதிக்கொடுத்தவர், அத்தனை பேரையும் உள்ளே தள்ள வேண்டும் என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

முடிவை இரண்டு தட்டுக்கும் சேர்த்தே எழுதி, முத்திரை குத்திவிட்டு, வராந்தாவுக்கு வந்தேன். உங்கள்மேல் எந்தக் குத்தமும் இல்லை, எல்லாம் அந்தப் பொடியும் வெயிலும் செய்த வேலை என்று அக்காவிடம் சொன்னேன்.

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. முந்தானையை விலக்கினார். கன்னத்தில் தோல் உரிந்து பச்சைப் புண்ணாக இருந்தது.

பைக்குள்ளிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். கலக்குகிற ரூம் கதவில் ஒட்டியிருந்ததை வேலை போன அன்று கிழித்துக்கொண்டு வந்தாராம். நாலு மூலையிலும் பசை காய்ந்திருந்தது.

"சேரும்போது இதக் காட்டித்தான் பயமில்லன்னாக. எவன் எழுதுனான்னு வாசிச்சுச் சொல்லு தாயி. அவன் மூஞ்சிய ஒரு தடவ பாக்கணும்."

அவர் கண் என் முகத்தில்தான் இருந்தது.

எனக்கு வாசிக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு தீபாவளிக்கு முந்தைய தேதி. 'இருட்டிலும் வெளிச்சத்திலும் பாதிப்பு இல்லை' என்ற வரி. கீழே என் கையெழுத்து.

எங்கள் ஆய்வகம் வெயிலுக்கு ஈடான அந்த விளக்கை வாங்கியது போன மாதம்தான்.