அந்தப் படம் அங்கேயே இருக்கட்டும்

"அந்தச் செய்தியைப் போட்டுடாதீங்கம்மா. உங்க காலைப் பிடிச்சுக் கேட்கிறேன்."

எலக்ட்ரீஷியன் சொன்னதோடு நிற்காமல் குனியவும் செய்தார். எடிட்டரம்மா பதறிப்போய் எழுந்தாள். இந்த ஆபீசுக்கு வயர் இழுத்தவரே அவர்தான். அப்போது இது மருந்துக்கடை மாடியில் ஒற்றை அறை. இப்போது சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் தனித்தனிச் செய்திப் பக்கம். செல்போனில் அதைத் திறந்து பார்த்த பிறகுதான் பல பேர் பல்லே தேய்க்கிறார்கள்.

"உட்காருங்கண்ணே. முதல்ல தண்ணி குடிங்க."

டம்ளரை வாங்கி அப்படியே மேசையில் வைத்தார்.

கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன அவர் மகனை, 'காணவில்லை' என்று படத்தோடு போட்டது எடிட்டரம்மாதான். பையன் கிடைக்கும்வரை எல்லா ஊர்ப் பக்கத்திலும் அதுதான் முதலில் நிற்கும் என்று வாக்கும் கொடுத்திருந்தாள். புதிதாகத் தொடங்கிய தூரத்து ஊர்ப் பக்கத்தில் ஒரு நர்ஸ் அதைப் பார்த்தாள். ரயிலில் அடிபட்டு வந்து, பெயர் தெரியாமல் பிணவறையில் கிடந்தவனை அடையாளம் கண்டாள். அந்த ஊர் நிருபர் இன்று காலையில்தான் விஷயத்தைச் சொன்னார். ஆறுதல் சொல்ல எடிட்டரம்மா அவருக்குப் போன் செய்யப்போய், மனிதர் இப்படி ஓடிவந்து நிற்கிறார்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து கூப்பிட்டாங்க. வெளியூர்ல வயரிங் வேலைன்னு வீட்ல சொல்லிட்டுப் போனேன். நானும் என் தம்பியும் மட்டும்தான். அங்கேயே அடக்கம் பண்ணிட்டு வந்துட்டோம்."

"ஐயோ, அண்ணிக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா உசிரையே விட்டுடுவா. காலையில எழுந்ததும் உங்க பக்கத்தைத்தான் திறப்பா. பையன் படம் மேலேயே இருக்கான்னு பார்ப்பா. 'இன்னும் தேடுறாங்க'ன்னு சொல்லிட்டுத்தான் அடுப்பைப் பத்தவைப்பா. அது அப்படியே இருக்கட்டும்மா."

எடிட்டரம்மாவுக்கு இரக்கமாக இருந்தது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

"இல்லாத பையனைத் தேடச் சொல்லி, நான் எப்படிண்ணே போட்டுக்கிட்டே இருக்கிறது? ஊர் நம்மை நம்பித்தானே படிக்குது? அதைவிட, பெத்தவகிட்ட மறைக்கிறது பாவம்ண்ணே."

"அந்தப் பாவம் என் தலையில விடியட்டும்."

"சாயங்காலம் வரைக்கும் பொறுக்கிறேன். அதுக்குள்ள நீங்களே பக்குவமா சொல்லிடுங்க."

அவர் எழுந்தார். போகும்போது வாசல் கண்ணாடிக் கதவின் முன் நின்று முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். உதட்டில் ஒரு சிரிப்பை வரவழைத்துப் பார்த்தார். அது நிற்கவில்லை. மறுபடியும் வரவழைத்துக்கொண்டு படியிறங்கினார்.

சாயங்காலம் வந்தது. அவரிடமிருந்து போன் வரவில்லை. மனுஷன் சொல்லமாட்டார் என்று எடிட்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. எழுதி வைத்த செய்தி வெளியே போகத் தயாராக இருந்தது. பெற்றவள் இதைச் செல்போனில் படித்துத் தெரிந்துகொள்வதைவிடக் கொடுமை வேறென்ன? மனசைக் கல்லாக்கிக்கொண்டு, அறிவிப்பின் கீழே இருந்த எண்ணை அழுத்தினாள்.

"அண்ணி, நான் எடிட்டர் பேசறேன். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கொஞ்சம் மனசைத் திடப்படுத்திக்கிட்டு..."

"அவர் அங்க வந்து அழுதாராம்மா?"

தணிந்த குரல்.

"அழுதிருந்தா நல்லதும்மா. வீட்ல ஒரு சொட்டு விடமாட்டேங்கிறாரு. எனக்காகச் சிரிக்கிறாரு, எனக்காக ரெண்டு வாய் சாப்பிடறாரு. எனக்கும் தெரியும்னு தெரிஞ்சா அன்னைக்கே படுத்துடுவாரு. அந்தப் படத்தை எடுத்துடாதீங்கம்மா."

"அண்ணி... உங்களுக்கு எப்படி...?"

"நீங்க போட்டிருக்கறது என் நம்பர்தானே? அந்த நர்ஸ் முதல்ல எனக்குத்தான் கூப்பிட்டுச்சு. என் வாயால அவர்கிட்ட சொல்ல முடியல. அவர் நம்பரைக் கொடுத்து, நீயே சொல்லிடும்மான்னு அழுதது நான்தான்."