பக்கத்து நாற்காலி

"படிப்பு ஏற ஏற, பிடிக்காத கட்சிக்காரங்களையும் சகிச்சுக்கிற குணம் வளரும்ப்பா."

போன வாரம் இப்படிச் சொன்னது பிரபாதான். செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறவள். மறுநாள் பாடத்தை அப்பாவிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ எட்டாவதோட நின்னவனுக்கு அந்தக் கொணம் கெடையாதா?" என்று சிரித்தார் ஷேர் ஆட்டோ ஓட்டும் திருவேங்கடம்.

"உனக்குக் கட்சிதான் உசுருன்னு சதுரங்கப்பட்டினத்துக்கே தெரியுமே!"

அந்தப் பேச்சு அவர் மனதில் ஓடிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை, நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தவர் தலை நிமிராமல் ஆரம்பித்தார். அம்மா இறந்த பிறகு, இத்தனை வருடங்களாக மீன் அவர் பொறுப்பு. குழம்பு அவள் பொறுப்பு.

"பிரபா, அந்தக் கட்சிக்காரங்களோட சம்பந்தம் வெச்சிக்கினா இன்னா?"

குழம்பைக் கிளறிய கரண்டி நின்றது. "யாரு வீடு?"

"எலக்ஷன் அன்னிக்கி பூத்துல என் பக்கத்து நாற்காலில குந்துவாங்களே, அவங்க கட்சி ஏஜெண்ட்டு. அவங்க வூடுதான்."

"ஒவ்வொரு எலக்ஷனுக்கும் சண்டை போட்டுட்டு வருவியே, அவங்களா?"

"சண்டதான். எங்காளு ஓட்டுப் போட வந்தா, 'இவரு ஊர்லயே இல்ல'ன்னு அவங்க மடக்குவாங்க. அவங்காளு வந்தா நான் எகிறுவேன். மத்தியானம் பிரியாணி வந்தா மட்டும் என் முட்ட அவங்களுக்கு, அவங்க கத்திரிக்கா தொக்கு எனக்கு. நல்ல மனசும்மா."

பிரபாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தன் கல்யாணத்தைப் பிரியாணிப் பொட்டலத்தில் வைத்து முடித்துவிட்டாரா?

"அந்தக் கட்சிக்காரின்னு தெரிஞ்சதும் ஸ்வாதியோட உட்கார்ந்து சாப்பிடறதையே விட்டுட்டேன். ஒரே காலேஜ், ஒரே ஸ்டாஃப் ரூம். அவகூடவே முடியல, காலம் பூரா ஒரே வீட்டுலயா? வேற பேச்சு பேசுப்பா."

"சரிம்மா" என்றார் திருவேங்கடம். ஏற்கெனவே கழுவிய மீனை எடுத்து மறுபடியும் கழுவத் தொடங்கினார்.

அந்தத் தண்ணீர்ச் சத்தம் பிரபாவை என்னவோ செய்தது. வகுப்பில் அவ்வளவு கணீரென்று பேசினாளே! ஸ்வாதி இப்போது தனியாகச் சாப்பிடுகிறாள். அவள் டிபன் பாக்ஸைத் திறப்பதை ஓரக்கண்ணால் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிற தானா சகிப்பைப் பற்றிப் பாடம் நடத்துவது? அப்பாவோ, நாள் முழுக்க எகிறிவிட்டு முட்டையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வருகிறார்.

அவள் அடுப்பைத் தணித்தாள்.

"அப்பா, நான் பேசினது தப்பு. அவங்க கட்சி அவங்களோட இருக்கட்டும். நாளைக்கு ஸ்வாதியோடதான் சாப்பிடப் போறேன்."

"நெசமாவா?"

"நிஜமாத்தான். உனக்குப் பிடிச்ச இடம்னா எனக்கு ஆட்சேபணை இல்ல. சரி, மாப்பிள்ளை என்ன பண்றார்?"

திருவேங்கடத்தின் காது மடல் சிவந்தது. பாத்திரத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"இப்போ... மீன் கழுவிக்கினு கீறாரும்மா. ரெண்டு எலக்ஷனா உன்னக் கேக்கணும்னு நெனச்சி நெனச்சி முழுங்கிட்டேன். அந்த ஏஜெண்ட்டு லதாவ நான் கட்டிக்கட்டுமா?"