ஒன்பதாவது கோப்பை

மேசைத் தலைமாட்டில் கூட்டத் தலைவர் பொன்னுத்துரை இருந்தார். சன்னலோரம் மற்றக் கழகக்காரர். கதவடியில், தேநீர்க் கேத்திலுக்குப் பக்கத்தில், ஒரு கழகத்தின் செயலாளர் தர்மகுலசிங்கம். அவரோடு முழங்கை முட்ட, அவருடைய கழகத்தின் பழைய கோல்காப்பாளர் யோகலிங்கம். ரொறன்ரோவின் தமிழ் உதைபந்தாட்டக் கழகங்களை, வென்ற கோப்பைகளை எண்ணி வரிசைப்படுத்தும் கூட்டம் அது. ஒன்பது கோப்பையோடு தர்மகுலசிங்கத்தின் கழகம் முதலாவதாக நின்றது.

"தொண்ணூற்றேழாம் ஆண்டு இறுதியாட்டம் விளையாடாமல் கிடைச்ச கோப்பையெல்லோ?" என்று தலைவர் கேட்டார்.

"எதிர்க் கழகத்தவை வரேல்லை. அறிவிக்கவுமில்லை," என்றார் தர்மகுலசிங்கம், இருபத்தெட்டு வருடமாகச் சொல்லிவரும் அதே குரலில்.

யோகலிங்கம் தேநீரைக் கீழே வைத்தார். "அறிவிச்சவை. செத்தவீடு, ஒரு கிழமை தள்ளி வையுங்கோ எண்டு கடிதம் போட்டவை. இவன்தான் எனக்குக் காட்டினவன்."

"உனக்கு மட்டும்தானேடா காட்டினனான், மச்சான்."

"இருபத்தெட்டு வருசம் பிடிச்சு வச்சிருந்தனான். கை உளையுது."

வீட்டுக்கு வந்ததும் தர்மகுலசிங்கம் அந்தப் பழைய கடிதத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, திகதி, பொருள் எல்லாம் முறையாக இட்டு அந்த எதிர்க் கழகத்துக்கு எழுதினார்: 'தங்கள் கடிதம் கிடைத்தது. ஆட்டத்தைத் தள்ளிவைப்பதில் எமக்கு ஆட்சேபனை இல்லை.' அடியில், 'பிரதி: திரு. வே. யோகலிங்கம்' என்று சேர்த்தார். அந்தப் பெயருக்கு முன்னால் அவர் 'திரு' போட்டது அதுதான் முதல் தடவை. இரண்டு உறைகளையும் நாக்கால் நனைத்து ஒட்டி, சந்தித் தபால்பெட்டிக்குள் போட்டார்.