நாற்பத்தொரு காலியிடங்கள்

"நாப்பத்தொண்ணு, மாஸ்டர். எல்லாமே ஃபோர்க்லிஃப்ட். எல்லாமே திருவொற்றியூர்."

நவ்ரீன் மடிக்கணினியை ஜெரியின் பக்கம் திருப்பினாள்.

மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் அவளுக்கு எண்ணுகிற வேலை. எந்த வட்டாரத்தில் எந்த வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று விளம்பரங்களை எண்ணுவாள். எண்ணிக்கை ஏறினால் அந்த வேலைக்கு ஆட்களைத் தயார் செய்யச் சொல்வாள். போன வருடம் முழுக்க ஃபோர்க்லிஃப்ட் என்னும் சரக்குத் தூக்கும் வண்டியை ஓட்ட மூன்றே விளம்பரங்கள். இந்த மூன்று மாதத்தில் நாற்பத்தொன்று.

ஜெரி குனிந்து பார்த்தான். திருவொற்றியூர் பயிற்சி மையத்தில் ஃபோர்க்லிஃப்ட் சொல்லிக்கொடுப்பவன் அவன்.

"மேடம், இந்த ஏரியாவுல அவ்ளோ வண்டியா கீது?"

"வண்டிய நான் எண்ணல. வேலையத்தான் எண்ணுனேன்."

அலுவலகத்தில் மேலதிகாரிக்கும் அதே சந்தேகம். எந்தக் கன்டெய்னர் யார்டு, எத்தனை ஆள், வெள்ளிக்கிழமைக்குள் பெயரோடு வேண்டும் என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை ஜெரியின் முதல் வகுப்பு முடிகிறது. இருபது பேர். அவர்களுக்கு வேலை கிடைத்தால் மையம் நீடிக்கும். கிடைக்காவிட்டால் பூட்டு.

விளம்பரம் எதிலும் யார்டின் பெயர் இல்லை. 'பிரபல யார்டு, உடனே தேவை' என்று மட்டும் இருந்தது. கீழே ஒரு கைப்பேசி எண். நாற்பத்தொரு விளம்பரம், நாற்பத்தொரு எண்.

முதல் எண் கல்மண்டபத்தில் ஆள் பிடித்துக் கொடுக்கும் கோதண்டத்துடையது. நவ்ரீன் ஸ்கூட்டரில் முன்னால் போக, ஜெரி பைக்கில் பின்னால் வந்தான். கோதண்டம் மீன் வண்டிகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். யார்டின் பெயரைக் கேட்டதும் சிரித்தார்.

"பேர சொன்னா ஆளு நேரா அங்க பூடுவான் மேடம். அப்பால என் கமிஷன் இன்னா ஆவுறது? இந்தத் தொழில்ல பொண்டாட்டி கேட்டாகூட யார்டு பேர சொல்ல மாட்டோம்."

நவ்ரீன் அடையாள அட்டையைக் காட்டினாள். அவர் அதை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். வேலை அவருக்குத் தண்டையார்பேட்டை அப்துல் வஹாப் மூலம் வந்ததாம். கோதண்டம் அதைத் தங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டாராம். பார்த்தவர்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு விளம்பரம் கொடுத்தார்களாம். அவரைத் தவிர குழுவில் நாற்பது பேர்.

"அப்போ எல்லாம் ஒரே யார்டா?"

"ஒரே யார்டுதான்."

"எத்தன ஆளு வேணுமாம்?"

"அத பாய்தான் சொல்லணும்."

நவ்ரீன் ஸ்கூட்டருக்குத் திரும்பி வந்தாள். பிறகு ஜெரியிடம், ஒரே யார்டாக இருந்தாலும் பரவாயில்லை, இருபது பேரை எடுத்துக்கொண்டால் போதும் என்றாள். ஒவ்வொரு யார்டாக அலைவதை விட அது நல்லதுதான் என்றாள். ஜெரியும் தலையாட்டினான். தன் வகுப்புப் பிள்ளைகளில் மகிழினிதான் கெட்டிக்காரி, கன்டெய்னருக்கும் கம்பத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளியில் வண்டியைத் திருப்புவாள் என்று வழியெல்லாம் சிக்னலுக்கு சிக்னல் சொல்லிக்கொண்டு வந்தான்.

அப்துல் வஹாப் பாய் பிகு பண்ணவில்லை. எத்தனை ஆள் என்று அவருக்கும் தெரியவில்லை. மேனேஜர் ஆள் வேண்டும் என்றார், இவர் சரி என்றார், அவ்வளவுதான் பேச்சு. யார்டின் பெயரைச் சொல்லி, எண்ணூர் நெடுஞ்சாலையில் எங்கே திரும்ப வேண்டும் என்று கையால் வரைந்து காட்டினார்.

ஜெரி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "மேடம், நாழியாவுது. போன்ல கேட்டுக்கலாமே."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை, மாஸ்டர்."

யார்டு பெரியது. கன்டெய்னர்கள் ஐந்து அடுக்காக நின்றன. நவ்ரீனுக்கு நம்பிக்கை வந்தது. இவ்வளவு பெரிய இடத்துக்கு இருபது பேர் எந்த மூலைக்கு?

தலையில் கவசம் இல்லாமல் உள்ளே வரக் கூடாது என்றான் காவலாளி. அவளுக்கு ஒரு மஞ்சள் தொப்பி கொடுத்தான். ஜெரி பைக் ஹெல்மெட்டோடு இறங்கி அப்படியே நடந்தான்.

மேனேஜர் தேவப்பிரியம் நாற்காலியைக் காட்டினார். நவ்ரீன் உட்கார்ந்தாள். ஜெரி அவளுக்குப் பின்னால் நின்றான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று விளம்பரம், நாற்பத்தொரு விளம்பரம், இருபது பேர், சனிக்கிழமை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நாப்பத்தொண்ணா? அம்மா, மேல தூக்குறதெல்லாம் கிரேன். ஃபோர்க்லிஃப்ட்டு என்கிட்ட ஒண்ணுதான் கீது. அதோ, தார்ப்பாய் போத்திக்கினு நிக்குதே, அதான். அதுக்கு ஒரே ஒரு ஆளு வேணும்."

ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள் நவ்ரீன். நாளைய அறிக்கை கண்முன் வந்தது. நாற்பத்தொன்றை அடித்து ஒன்று. இருபது பேரில் மகிழினிக்கு வேலை. பத்தொன்பது பேர் வீட்டுக்கு. மையத்துக்குப் பூட்டு.

இருந்தாலும் அறிக்கையில் ஒரு கட்டம் பாக்கி இருந்தது. காலியிடம் ஏற்பட்ட காரணம்.

"அந்த ஒரு இடம் எப்படி சார் காலியாச்சு?"

"பதினோரு வருசமா ஓட்டுனவன். மூணு மாசம் முன்னாடி, கவர்மெண்ட்டுல பயிற்சி மையம் தொறக்கிறாங்க, வாத்தியார் வேலைன்னு பூட்டான்."

தேவப்பிரியம் அவள் தோளுக்கு மேலே பார்த்தார்.

"இன்னும் இன்னாத்துக்கு ஹெல்மெட்ட மாட்டிக்கினு நிக்குற ஜெரி? கழட்டு, வேர்க்குது பாரு."